ரெண்டாம் பாதி

சாயங்காலம் நான் ஜெபமாலையைக் கையில எடுத்தா போதும், பக்கத்து வீட்ல தண்ணி மோட்டாரைப் போட்டுருவாக. மாடித் தொட்டி நிறைஞ்சு, வழிஞ்சு, எங்க ரெண்டு வீட்டுக்கும் நடுவுல இருக்குற சந்து பூரா தண்ணி ஓடும். ஓடட்டும்னு விட்டுருவாக. நான் கடைசிச் சிலுவை போட்டு முடிக்கிற வரைக்கும் அந்த மோட்டார் ஓயாது. கோடையில ஒரு குடம் நல்ல தண்ணிக்கு நாங்க படுற பாடு தெரிஞ்சவுகளுக்குத்தான் இது புரியும். எம்புட்டு வெறுப்பு இருந்தா ஒரு மனுஷி இப்பிடித் தண்ணியைக் கொட்டுவாக? என் சத்தம் அவுக காதுல விழக்கூடாது, அம்புட்டுத்தான்.

அவுகளை நான் மதினின்னு கூப்பிடுவேன். ரத்த சொந்தமெல்லாம் கிடையாது. மானகிரிப் பக்கம் மனை வாங்கி நாங்க வீடு கட்டி வந்தப்ப, அந்தத் தெருவுல எங்களை மாதிரி வேதக்காரக் குடும்பம் அவுக வீடு ஒன்னுதான் கிட்டத்துல இருந்துச்சு. என்னைவிட மூத்தவுக. வந்த அன்னைக்கே செவுத்துக்கு மேல ஒரு தூக்குச்சட்டியில மீன் குழம்பை நீட்டி, "நீ டீச்சராமே, அடுப்பு பத்த வைக்கத் தெரியுமா?"ன்னு கேட்டாக. அப்பிடி ஆரம்பிச்ச பழக்கம். நான் நடுநிலைப்பள்ளியில தமிழ் டீச்சர். எங்க வீட்டுக்காரரு இன்னொரு பள்ளிக்கூடத்துல டிரில் மாஸ்டர். எங்களுக்குப் பிள்ளை இல்ல. மதினிக்கு ஒரே பய. அவன் அப்பா சிங்கப்பூர்ல வேலை பாத்து, சீக்கோட திரும்பி வந்து, பய நடக்கப் பழகுறதுக்குள்ள போய்ச் சேந்துட்டாரு.

அந்தப் பயலுக்கு ஞானஸ்நானம் கொடுத்தப்ப எங்க வீட்டுக்காரரு ஞானத்தகப்பன், நான் ஞானத்தாய். ஃபாதர் கேக்குற கேள்விக்கெல்லாம் பிள்ளைக்குப் பதிலா நாங்கதான் வாயைத் தொறக்கணும். பசாசை விட்டுவிடுறியா? விட்டுவிடுறேன். அதன் செயல்களை விட்டுவிடுறியா? விட்டுவிடுறேன். நான் இந்தப் பதிலைச் சொல்றப்ப பய என் கழுத்துச் சங்கிலியைப் பிடிச்சு இழுத்துக்கிட்டுக் கெடந்தான். பேச்சு வந்ததும் என்னைய ஞானம்மான்னு கூப்பிட்டான், அவரை ஞானப்பான்னு கூப்பிட்டான். இந்த உலகத்துல என்னைய அப்பிடிக் கூப்பிட அவன் ஒருத்தன்தான். இதைக் கொஞ்சம் ஞாபகத்துல வச்சுக்கங்க.

இன்னொன்னும் சொல்லிருறேன், இல்லேன்னா பின்னால வெளங்காது. எங்க ஜெபமாலையில பரலோக மந்திரத்தை ரெண்டா வெட்டிச் சொல்லுவோம். முன்னால நடத்துறவுக முதல் பாதி, மத்தவுக ரெண்டாம் பாதி. மதினிக்கு வெண்கலக் குரல். எங்க பகுதிக் கோயில் குடும்பங்க சேந்து ஜெபம் பண்ற அன்பியத்துக்கு அவுகதான் தலைவி. அதனால எப்பவும் முதல் பாதி அவுக, ரெண்டாம் பாதி நாங்க. எங்களுக்குத் தீமை செஞ்சவுகளை நாங்க பொறுப்பது போல, எங்க பாவங்களைப் பொறுத்தருளும்னு வர்றது ரெண்டாம் பாதியில. கோயில்ல இப்ப அதை மன்னிப்புன்னு மாத்திப்புட்டாக. ஆனா வீட்டு ஜெபத்துல பழைய 'பொறுப்பது'தான் எங்க வாயில வரும். வருஷக்கணக்கா நாள் தவறாம முழங்கால்ல இருந்தும், மதினி தன் வாயால அந்த வார்த்தையைச் சொல்ல அவசியமே வந்ததில்ல. இதையெல்லாம் நான் அப்ப யோசிச்சுப் பாத்ததில்ல.

ஒரு ஞாயித்துக்கிழமை விடியக்காலம் நானும் அவரும் முதல் பூசைக்கு டி.வி.எஸ். வண்டியில போய்க்கிட்டு இருந்தோம். காரைக்குடி ரோட்டுல திரும்புற எடத்துல ஒரு காரு தப்புப் பக்கமா வந்து எங்களை அடிச்சுத் தள்ளிருச்சு. நான் ஒரு பக்கம், அவரு ஒரு பக்கம். வலியெல்லாம் அந்த நேரம் தெரியல. வானம் லேசா வெளுத்துக்கிட்டு இருந்ததைப் பாத்தபடி கெடந்தேன். காரு கதவு தொறந்துச்சு. ஓடி வந்து குனிஞ்சு என் தலையைத் தூக்குன மொகம் எங்க பயலோட மொகம். தேவகோட்டையில ஒரு சேக்காளி கல்யாணத்துக்குப் போயிட்டு, ராப்பூரா கண்ணு முழிச்சுட்டு வந்துருக்கான். குடிச்சிருக்கல, தூக்கம். "ஞானம்மா"ன்னான். திரும்பி அவரைப் பாத்தான். மறுபடியும் "ஞானம்மா"ன்னான். என் தலையைத் தரையில வச்சான். காருல ஏறிப் போயிட்டான்.

ரொம்ப நேரம் கழிச்சு பால்காரர் ஒருத்தர் பாத்து ஆம்புலன்சுக்குச் சொல்லியிருக்காரு. அது வரைக்கும் எங்க வீட்டுக்காரரு மூச்சு விட்டுக்கிட்டுத்தான் இருந்தாரு. எனக்குக் கேட்டுச்சு. என்னால நகர முடியல. ஆம்புலன்ஸ் வந்தப்ப அந்தச் சத்தம் இல்ல.

அவரை மண்ணுக்குக் கொடுத்தப்ப நான் மதுரை ஆஸ்பத்திரியில கால்ல கம்பியோட கெடந்தேன். என்னையப் பாத்துக்கிட்டது யாருன்னு நெனைக்கிறீக? மதினிதான். பீ மூத்திரம் அள்ளுனாக, கஞ்சி ஊட்டுனாக, தலையைச் சீவிச் சிக்கெடுத்தாக. ஊட்டுறப்பவே ஊர்ச் சேதி சொல்லுவாக. கல்லறையில ஏகக் கூட்டமாம். பிள்ளை ஸ்தானத்துல நின்னு முதப்பிடி மண்ணைப் போட்டது அவுக மகனாம். அவுக வீட்டுக் காரை ஓட்டுனது ஆத்தங்குடிப் பக்கத்து ஆக்டிங் டிரைவராம். அவராவே போலீசுல போய் ஒத்துக்கிட்டாராம். எங்க பக்கம் சொந்தக் காரு வச்சுக்கிட்டு ஓட்ட ஆளில்லாதவுக, நாளுக்கு இம்புட்டுன்னு பேசி ஒரு டிரைவரைக் கூப்பிட்டுக்குவாக. அவருக்குப் பேரு ஆக்டிங் டிரைவர். பேருக்கேத்த மாதிரியே அவரை நடிக்க வச்சுட்டாகன்னு நெனைச்சேன். சிரிப்பு வரல. மதினி கஞ்சிக் கரண்டியை என் வாய்கிட்ட வச்சுக்கிட்டு, "உனக்கு அப்ப மயக்கம் டீச்சர், உனக்கு ஒன்னும் ஞாபகம் இருக்காது"ன்னு சொல்லுவாக. மறுநாளும் அதையே சொல்லுவாக. சின்னப் பிள்ளைக்கு வாய்ப்பாடு சொல்லிக் குடுக்குற மாதிரி. எனக்கு எல்லாம் ஞாபகம் இருந்துச்சு. அவுகளுக்கும் அது தெரியும்.

போலீசு வந்தப்ப நான் பேசுற நெலமையில இல்ல. அவுகளாப் பாத்து எதையோ எழுதிக்கிட்டுப் போனாக. கம்பு ஊனி நடக்குற அளவுக்குத் தேறி வீட்டுக்கு வந்தேன். கொஞ்ச மாசத்துல, டிரைவர் மேல போட்ட கேசுல சாட்சி சொல்ல வரணும்னு எனக்குக் கோர்ட்டுல இருந்து சம்மன் வந்துச்சு. அன்னைக்குத் தொடங்குச்சு 'பொறுத்துக்கோ'. உள்ளது தெரிஞ்ச அன்பியத்துப் பொம்பளைங்க ஒவ்வொருத்தரா வந்தாக. போனவுக திரும்பி வரப்போறதில்ல, பயலுக்குச் சிங்கப்பூர்ல வேலை கெடச்சிருக்கு, ஒத்தப் பிள்ளை, விதவைத் தாய், நீயே வளத்த பிள்ளை, பொறுத்துக்கோ. யார் ஓட்டுனாகன்னு கேட்டா இருட்டுல தெரியலைன்னு சொல்லிரு. அதுல என்ன பாவம்? சேசுவே சிலுவையில பொறுத்தாரே. இப்பிடியே போச்சு பேச்சு. நானும் தலையை ஆட்டிக்கிட்டுக் காப்பி போட்டுக் கொடுத்தேன். ஒருத்தி கூட அந்த டிரைவர் ஜெயிலுக்குப் போவாரேன்னு வாயைத் தொறக்கல. அவரு நம்ம கோயிலு இல்லையே!

ஃபாதர்கிட்டப் போய்க் கேட்டேன். சின்ன வயசு, நல்ல மனுஷன். மன்னிப்பு வேற, சாட்சி வேற டீச்சர்னாரு. எனக்கு நெஞ்சு குளுந்துச்சு. அடுத்த வாயிலேயே, ஆனாலும் பங்குச் சனங்களுக்குள்ள சமாதானமும் முக்கியம், ஜெபம் பண்ணி முடிவெடுங்கன்னாரு. சரிதான், இவரும் ரெண்டு பக்கத்துக்கும் சேத்துக் குடை பிடிக்கிறாருன்னு எந்திரிச்சு வந்துட்டேன்.

உள்ளதைச் சொல்லிருறேன். பயலை நான் பொறுத்தேனா? இடிச்சதைப் பொறுத்துட்டேன். தூக்கம் யாரை விட்டுச்சு? அந்த எடத்துல யாரு பிள்ளையா இருந்தாலும் இடிச்சிருக்கும். என் தலையைத் தரையில வச்சுட்டுப் போனானே, அதைத்தான் பொறுக்க முடியல. அவரு மூச்சு எனக்குக் கேட்டுச்சுன்னா அவனுக்கும் கேட்டிருக்கும். மாதா படத்துக்கு முன்னால நின்னு, எம் புருஷன் மூச்சு இழுத்துக்கிட்டுக் கெடந்தப்ப நீ எங்க தாயே போனேன்னு கத்தியிருக்கேன். நான் கும்புடுறவதானே ஒழிய புனிதை கிடையாது. ஆனாலும் அவன் சின்னதுல என் சங்கிலியை இழுத்த கை என் கழுத்துலயே இருக்குற மாதிரி இருக்கும். வெறுக்கவும் வரல.

ஒரு நாள் மத்தியானம் அந்த டிரைவரே வந்தாரு. வாசல்லயே நின்னாரு, உள்ள வாங்கன்னாலும் வரல. மதினி வீட்ல இருந்து அவரு குடும்பத்துக்கு என்னமோ செய்யிறதாப் பேசி முடிச்சிருக்காக, அதை நீங்க கெடுத்துராதீகன்னு கேக்கத்தான் வந்தேன்னாரு. கோர்ட்டுல ஒன்னும் பேசிராதீக டீச்சர், நான் மனசொத்துத்தான் ஏத்துக்கிட்டேன்னாரு. யேசு மரி சூசை, யாருக்காக நான் பேசணும்னு நெனைச்சேனோ அவரே வந்து பேசாதேங்குறாரு. சரி போங்கன்னு சொல்ல வாயெடுத்தேன். செருப்பை மாட்டிக்கிட்டே அவரு சொன்னாரு:

"எம் மகதான் பெரிய தொந்தரவு டீச்சர். அன்னைக்கு வெடியக்காலம் அவளுக்கு நாந்தான் தலை பின்னிவிட்டேன். அவ ஆத்தா நாத்து நடப் போயிருந்தா. நீ வீட்லதானப்பா இருந்தேன்னு கேட்டுக்கிட்டே இருக்கு. இல்லத்தா, நீ வேற நாளை நெனைச்சுக்கிட்டுப் பேசுறேங்குறேன். நம்ப மாட்டேங்குது."

போயிட்டாரு. நான் அப்பிடியே கதவு நிலையைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். வாழ்நாள் பூரா பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் குடுத்தவ நான். தன் ஜடையைப் பின்னுன கையை ஒரு பிள்ளை மறந்துறணும்னு நாங்க எல்லாரும் சேந்து பாடம் எடுத்துக்கிட்டு இருக்கோம். எனக்கு அதுக்கப்புறம் யோசிக்க ஒன்னும் இல்ல.

அக்டோபர் வந்துச்சு. ஜெபமாலை மாசம். எங்க அன்பியத்துல மாதா சுரூபம், அதான் மாதா செலை, வீடு வீடா வரும். ஒரு வீட்ல ஒரு நாள் தங்கும். மறுநாள் சாயங்காலம் அந்த வீட்டுக்காரவுக சுரூபத்தைத் தூக்கிட்டு வந்து அடுத்த வீட்டு வாசல்ல கொடுக்கணும். அந்த வீட்டம்மா ரெண்டு கையாலயும் வாங்கணும். நடுவுல எங்கயும் கீழ வைக்கக்கூடாது. வரிசைப்படி எனக்கு முந்தின வீடு மதினி வீடு. பாட்டுப் பாடிக்கிட்டு, மெழுகுவத்தியோட கூட்டம் எங்க கேட்டுக்கு வந்து நின்னுச்சு. முன்னால மதினி, நெஞ்சோட சேத்து மாதாவைப் பிடிச்சுக்கிட்டு. நான் கம்பைக் கேட்டுல சாத்திட்டு, இடுப்பையும் கேட்டுலயே முட்டுக் கொடுத்து, ரெண்டு கையையும் நீட்டுனேன். மதினி கொடுக்கல.

"மாதா சாட்சியா ஒரு வார்த்தை சொல்லு டீச்சர். எம் பிள்ளையைப் பொறுத்துக்கிட்டியா?"

பாட்டு நின்னு போச்சு. எல்லா மெழுகுவத்தியும் என் மொகத்தைப் பாத்துச்சு. பய பின்னால, கூட்டத்துக்குக் கடைசியில தலையைக் குனிஞ்சுக்கிட்டு நின்னான். கட்டாயத்துல கேக்குறாகளேன்னு கோவம் பொத்துக்கிட்டு வந்துச்சு. ஆனா அவனைப் பாத்தேன். எலும்பும் தோலுமா ஆயிருந்தான். தலையைத் தரையில வச்சுட்டுப் போனதையும் அந்த நேரம் எறக்கி வச்சுட்டேன். எப்பிடி வச்சேன்னு எனக்கே தெரியாது. அன்னைக்கு அது நெசம்.

"பொறுத்துக்கிட்டேன் மதினி"ன்னேன்.

மதினி ஓன்னு அழுதாக. சுரூபத்தை என் கையில கொடுத்துட்டு என் கையைப் பிடிச்சு முத்தம் கொடுத்தாக. கூட்டமும் அழுதுச்சு. அன்னைக்கு ஜெபமாலையில அவுக முதல் பாதி சொல்ல நான் ரெண்டாம் பாதி சொன்னேன். அந்த வார்த்தை வந்தப்ப எனக்கு நாக்கு இடறல. அவரு போனதுக்கப்புறம் நான் நல்லாத் தூங்குன ராத்திரி அது ஒன்னுதான்.

காலையில மதினி பணியாரம் சுட்டு எடுத்துக்கிட்டு வந்தாக. மொகமெல்லாம் வெளுத்துத் தெளிஞ்சிருந்துச்சு. பயலுக்கு டிக்கெட் போடச் சொல்லிட்டேன், உன் ஒரு வார்த்தை போதும்டின்னாக. அப்பத்தான் எனக்கு வெளங்குச்சு, அவுக கேட்டது ஒன்னு, நான் கொடுத்தது ஒன்னு. தமிழ் டீச்சருக்கு இந்த வார்த்தையோட ரெண்டு பக்கமும் தெரியாமப் போச்சே! நான் பொறுத்தேன்னா மன்னிச்சேன். அவுகளுக்குப் பொறுத்தேன்னா வாயைப் பொத்திக்கிட்டேன். ஊருல புருஷன் அடிக்கிறான்னு வந்து அழுற பொம்பளைகிட்ட நாங்க எல்லாருமா சொல்லுவோமே, பொறுத்துக்கோன்னு, அந்தப் பொறுத்துக்கோ.

நான் ஒளிக்கல. பணியாரத்தைத் தொடாம சொன்னேன். மதினி, அவன் மேல எனக்கு ஒன்னும் இல்ல, மனசார மன்னிச்சுட்டேன். ஆனா கோர்ட்டுல யாரு ஓட்டுனதுன்னு கேட்டா உள்ளதைத்தான் சொல்லுவேன். பொறுக்குறது வேற, பொய் சொல்றது வேற. அவுக மொகம் கொஞ்சங் கொஞ்சமாச் செத்துச்சு.

"அப்ப நேத்து மாதாகிட்டப் பொய் சொன்னியா? உன் இலக்கணத்தையெல்லாம் பள்ளிக்கூடத்தோட வச்சுக்க. பொறுத்தவ காட்டிக் கொடுப்பாளா?"

பணியாரத் தட்டை எடுத்துக்கிட்டுப் போயிட்டாக. ஆனா மாதா பேரைச் சொன்னவ கடைசியில மாற மாட்டான்னு மனசுக்குள்ள நம்பிக்கிட்டுத்தான் இருந்திருக்காக. கோர்ட்டுக்குப் பயலையும் கூட்டிக்கிட்டு வந்து பின் பெஞ்சுல உக்காந்திருந்தாக.

காரைக்குடிக் கோர்ட்டுல என்னைய நாற்காலி போட்டு உக்கார வச்சாக. டிரைவர் கூண்டுல நின்னாரு. காரை ஓட்டுனது இவருதானான்னு கேட்டாக. இவரில்லைன்னேன். பின்ன யாருன்னு கேட்டாக. பயலோட பேரைச் சொல்லி, அந்தா உக்காந்திருக்கான்னு கையைக் காட்டுனேன். அப்புறம் டிரைவருக்காக மதினி வீட்ல அமத்தியிருந்த வக்கீல் எந்திரிச்சாரு. விடியாத நேரம், வெளிச்சம் பத்தாது, கால் ஒடிஞ்சு அரை மயக்கத்துல கெடந்தீங்க, மொகம் எப்பிடித் தெரிஞ்சதுன்னு மடக்குனாரு. மொகம் போகட்டுங்கய்யா, அவன் என்னையக் கூப்பிட்டானேன்னேன். எப்பிடிக் கூப்பிட்டான்னு நீதிபதி கேட்டாரு.

"ஞானம்மான்னு கூப்பிட்டான். என்னைய அப்பிடிக் கூப்பிட அவன் ஒருத்தன்தான் இருக்கான்."

அதுக்கு என்ன அர்த்தம்னு கேட்டாரு. சொன்னேன். ஞானஸ்நானத்தப்ப அவனுக்குப் பதிலா நான் வாயைத் தொறந்து சத்தியம் பண்ணுனதைச் சொன்னேன். சொல்லிக்கிட்டு இருக்கும்போதே பின் பெஞ்சுல பய ரெண்டு கையாலயும் மொகத்தைப் பொத்திக்கிட்டான். அதைப் பாத்து நீதிபதிக்கு மிச்சமும் புரிஞ்சு போச்சு. மதினி அழல. என்னையவே பாத்துக்கிட்டு இருந்தாக.

மறுபடி விசாரணை, மறுபடி கேசு, இழுத்துக்கிட்டே போய்க் கடைசியில பய ஒத்துக்கிட்டான். ஜெயில் தண்டனை ஆச்சு. சிங்கப்பூரும் போச்சு. டிரைவரை விட்டுட்டாக. அவரு எனக்கு நன்றி சொல்லல. சொல்ல என்ன இருக்கு? பேசி வச்சதெல்லாம் அவருக்கும் போச்சு. இங்குட்டு வண்டி ஓட்டக் கூப்பிட ஆளில்லாமக் குடும்பத்தோட திருப்பூருக்குப் போயிட்டாருன்னு கேள்விப்பட்டேன். அந்தப் பிள்ளை தன் ஜடை விஷயத்துல தான் சொன்னதுதான் சரின்னு தெரிஞ்சுக்கிச்சோ என்னமோ. அடுத்த அக்டோபர்ல மாதா சுரூபம் மதினி வீட்ல இருந்து கெளம்பி, என் வாசல்ல நிக்காம, அடுத்த வீட்டுக்குப் போச்சு. நான் கோலம் போட்டு, மெழுகுவத்தி ஏத்தி வச்சு, கேட்டைத் தொறந்து வச்சுக்கிட்டு நின்னேன். ஒருத்தரும் திரும்பிப் பாக்கல. பாட்டை மட்டும் கொஞ்சம் சத்தமாப் பாடிக்கிட்டுப் போனாக.

மனு போட்டு, மதுரைக்குப் போய், ஜெயில்ல பயலைப் பாத்தேன். கம்பிக்கு அங்குட்டு வந்து நின்னான். கிட்ட வந்து, "நல்லா இருக்கீகளா டீச்சர்?"னு கேட்டான். டீச்சராம். கால்ல கம்பி வச்சப்ப கூட எனக்கு அப்பிடி வலிக்கல. அந்த ஒரு வார்த்தையைத்தானே நான் கோர்ட்டுல கொண்டுபோய் வச்சேன். அதுக்கப்புறம் அவன் எப்பிடி அதை வாயில எடுப்பான்? கால் எப்பிடி இருக்குன்னு கேட்டான். தேவலைன்னேன். அப்புறம் அவனாப் பேசுனான். அடக்கத்தன்னைக்கு முதப்பிடி மண்ணைக் கையில எடுத்தானாம், போடலையாம். போட முடியாம சட்டைப் பையில போட்டுக்கிட்டு வந்துட்டானாம். அந்தச் சட்டை இன்னும் வீட்டு பீரோவுல இருக்காம். அழுதுக்கிட்டேதான் சொன்னான். பொறுத்துட்டேன்டான்னேன்.

"நீங்க பொறுத்துருவீக. அம்மாதான்... அம்மாவைப் பாத்துக்கங்க"ன்னான்.

எப்பிடிப் பாத்துக்குறது? கஞ்சி வச்சு, துவையல் அரைச்சு, செவுத்து மேல தூக்குச்சட்டியை வைக்கிறேன். மறுநாள் அது அப்பிடியே ஈ மொய்ச்சுக்கிட்டு இருக்கும். மதினிக்குக் காய்ச்சல்னு கேள்விப்பட்டுப் போனா கதவு தொறக்கல. பூசையில ஒருத்தருக்கொருத்தர் சமாதானம் சொல்றப்ப அவுக பக்கம் திரும்பிக் கையெடுத்துக் கும்புட்டா, அவுக தூணைக் கும்புட்டாக. ஆஸ்பத்திரியில என் பீயை அள்ளுன கை அது. வெறும் நாக்கால நான் மன்னிச்சேன் மன்னிச்சேன்னு சொல்றேனே, அவுக என்னைய மன்னிக்க வேண்டியதுதான் இப்ப பாக்கின்னு எனக்கு அப்புறந்தான் உறைச்சது.

அதனால நான் சாயங்காலம் செவுத்தோரத்துல நாற்காலியைப் போட்டு உக்காந்து ஜெபமாலை சொல்ல ஆரம்பிச்சேன். அவுக எடத்தை எடுத்துக்கிட்டு முதல் பாதியை நான் சொல்லுவேன், சத்தமா. சொல்லிட்டுக் கொஞ்சம் நிறுத்துவேன். அங்குட்டு மோட்டார் ஓடும். அப்புறம் ரெண்டாம் பாதியையும் நானே சொல்லிக்குவேன். இப்பிடியே நடந்துக்கிட்டு இருக்கு. பாக்குறவுகளுக்குப் பைத்தியக்காரத்தனமா இருக்கும். இருக்கட்டும்.

போன வாரம் ஒரு நாள் கரண்ட் இல்ல. தெருவே கம்முன்னு கெடந்துச்சு. நான் ஜெபமாலையை எடுத்ததும் அங்குட்டு மோட்டார் சுவிச்சைப் போடுற சத்தம் கேட்டுச்சு. டக்கு டக்குன்னு ரெண்டு மூணு தடவை போட்டுப் பாத்தாக. ஓடல. நான் முதல் பாதியைச் சொன்னேன். மண்ணுலகிலும் செய்யப்படுகன்னு முடிச்சுட்டு நிறுத்துனேன்.

செவுத்துக்கு அங்குட்டு இருந்து குரல் வந்துச்சு. அந்த வெண்கலக் குரல் இல்ல. கம்மிப் போன, கரகரன்னு ஒரு கிழவி குரல். வாய் பழக்கத்துல தானா வந்துச்சோ, வேணும்னே சொன்னாகளோ, தெரியாது. எங்கள் அனுதின உணவை எங்களுக்கு இன்று அளித்தருளும்னு சொன்னாக. மூச்சைக் கூட விடாம உக்காந்திருந்தேன். எங்களுக்குத் தீமை செய்தவர்களை, அது வரைக்கும் வந்தாக. அந்த எடத்துல நின்னாக.

நான் எடுத்துக் கொடுக்கல. அவுக வார்த்தை அது, அவுகதான் சொல்லணும். அங்குட்டு அவுக மூச்சு வாங்குறது எனக்குக் கேட்டுச்சு, இழுத்து இழுத்து. நான் இங்குட்டு மணியைக் கையில பிடிச்சுக்கிட்டுக் காத்திருந்தேன். அப்ப கரண்ட் வந்துச்சு, போட்டபடி இருந்த மோட்டார் ஓட ஆரம்பிச்சுச்சு.